செய்யாத மொய்

ஜன்னலோரம் நீங்களே ஒக்காருங்க சார், எனக்குக் காத்து ஒத்துக்காது. திருச்சி வரைக்குமா? நானும் திருச்சிதான். புதுக்கோட்டையில பத்து நிமிசம் போடுவான், எறங்கி ஒரு டீ குடிச்சுக்கலாம்.

நான் என்ன வேலையா? எழுத்து வேலை. ஆபீஸ் எழுத்து இல்ல சார், மொய் எழுதுறவன். நீங்க சேலத்துப் பக்கம்னா உங்களுக்குப் புரியாது. உங்க ஊர்ல கவர்ல ஐநூறு வச்சு மாப்பிள்ளை கையில குடுத்துட்டு, போட்டாவுக்கு நின்னுட்டுப் போயிருவாங்க. அதோட மறந்துருவாங்க. எங்க பேராவூரணிப் பக்கம் அப்படி இல்ல. ஆடி ஆவணி வந்துட்டா ஊருக்கு ஊரு மொய் விருந்துதான். அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ ஒரு ஆளு கெடா வெட்டிச் சோறு போடுவாரு. வர்ற ஆளுக பேரு, அப்பா பேரு, ஊரு, தொகை எல்லாம் நோட்டுல ஏறும். நாளைக்கு அந்த ஆளுக விருந்து வச்சா, வாங்குன தொகைக்கு மேல கொஞ்சம் வச்சு இவரு திருப்பிச் செய்யணும். கோர்ட்டு இல்ல, பத்திரம் இல்ல. நோட்டுல பேரு ஏறிட்டா ஏறுனதுதான். திருப்பிச் செய்யாதவன் வீட்டு வாசல்ல வந்து நின்னு கேப்பாங்க. அவன் வீட்டுப் பொண்ண அதுக்கப்புறம் யாரும் கட்ட மாட்டான்.

அந்த நோட்ட எழுதுறவன் நான். பேரு அடைக்கலம். இருவத்திரண்டு வருசமா எழுதுறேன், ஒரு எழுத்து அடிச்சுத் திருத்துனதில்ல. சுத்துப்பட்டு அறுவது ஊர்ல எவன் எவனுக்கு என்ன செஞ்சான், அவன் அப்பன் பேரு என்ன, தெக்குத் தெருவா வடக்குத் தெருவா, எல்லாம் இந்த மண்டையில இருக்கு. கம்ப்யூட்டர் வச்சு எழுதறேன்னு இப்பப் பயலுக வர்றானுக. கரண்ட்டு போனா பேந்தப் பேந்த முழிப்பானுக.

இவ்வளவு மரியாதையா இருக்குறவன்கிட்ட என் சொந்தத் தங்கச்சி பேசி ரெண்டு வருசம் ஆவுது சார். ஒரே வயித்துப் பொறப்பு. வளர்மதின்னு பேரு. அவளத் தூக்கி வளத்ததே நான்தான். யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க வெளியூர் ஆளு, யாரு பக்கமும் சாய வேண்டியதில்ல. நடந்தத நடந்தபடி சொல்றேன்.

மணிமொழியன்னு ஒருத்தரு. மணல் அள்ளுறவரு. எட்டு டிப்பரு, ஒரு எடைமேடை, ரெண்டு கதம்பை மில்லு. கதம்பைன்னா தேங்கா உரிச்ச மட்டை, அதுல நாரு எடுக்குற மில்லு. மொழியன் அண்ணன்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஆளு சத்தமாப் பேச மாட்டாரு. வெத்தல போட மாட்டாரு, குடிக்க மாட்டாரு. யாரையும் கை நீட்டி அடிச்சு நான் பாத்ததில்ல. அடிக்கத் துரைக்கண்ணுன்னு ஒரு ஆளு வச்சிருந்தாரு, அது வேற.

அவரு மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னால கூப்பிட்டு விட்டாரு. லாரி ஷெட்டு மாடியில ஒரு ரூம்பு. உள்ள போனா சிமிட்டி மூட்டையா அடுக்கியிருக்கு. ஒண்ணு அவுந்து கெடந்துச்சு, அத்தனையும் காசு. மணல் காசு சார், ஈர வாடை அடிச்சுது. திருச்சியிலேருந்து ஒரு ஆடிட்டரு வந்து ஒக்காந்திருந்தாரு.

“அடைக்கலம், இது நாலு கோடி. பேங்குக்குப் போகணும், ஆனா எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பான். கல்யாணத்துல வந்த மொய்யின்னா கேக்க மாட்டான்னு ஆடிட்டரு சொல்றாரு. நீ எழுதிக் குடு”ன்னாரு மொழியன் அண்ணன்.

ஆடிட்டரு சொன்னாரு, “இல்லாத பேரா எழுதிராதீங்க. விசாரிச்சா ஆளு இருக்கணும். தோப்பு தொரவு உள்ள ஆளா இருந்தா நல்லது. விவசாய வருமானத்துக்கு வரி கெடையாது.”

எனக்கு அந்த எடத்துல ஒரு இது வந்துருச்சு சார். பொய்யின்னு நெனைக்கல. வேற யாராலயும் முடியாத வேலைன்னு நெனச்சேன். எட்டு நாளு அந்த ரூம்புல ஒக்காந்து ரெண்டாயிரத்து நூறு பேரு எழுதுனேன். செத்தவன் பேரு ஒண்ணு வரல. அண்ணன் தம்பி பேசிக்காதவனுகள ஒண்ணா எழுதல, முன்ன பின்ன தள்ளித் தள்ளி எழுதுனேன். பந்தி நேரத்துல கூட்டம் நெருக்கும்ல, அந்த எடத்துல எழுத்தக் கொஞ்சம் அவசரமாப் போட்டேன். கடைசியில கை ஓஞ்சு போன மாதிரி சாச்சு எழுதுனேன். ஆடிட்டரு அதப் பாத்துட்டு என் கையப் புடிச்சுக் குலுக்குனாரு. எனக்கு யாரும் அப்படிக் கை குடுத்ததில்ல.

கூலி? குடுத்தாரு. அத விடுங்க.

பெரிய தொகைக்கு நம்பிக்கையான பேரா ஒரு பத்து வேணும்னாரு மொழியன் அண்ணன். அஞ்சு லட்சம், ஆறு லட்சம்னு. அதுல ஒண்ணு எந்தங்கச்சி புருசன் நாடிமுத்து பேரப் போட்டேன். தேங்கா யாவாரி. மூணு ஏக்கரு தோப்பு. நம்ம ஆளு, காட்டிக் குடுக்க மாட்டான்னுதான் போட்டேன். கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்ங்கிறீங்களா? கேட்டா வேணாம்பான் சார். அதனாலதான் கேக்கல.

கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. காசு பேங்குக்குப் போச்சு. ஒண்ணரை வருசம் ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் வருமான வரி ஆபீஸ்லேருந்து பன்னெண்டு பேருக்குக் கடுதாசி வந்துச்சு. நீங்க இன்னாருக்கு இவ்வளவு அன்பளிப்புக் குடுத்தது உண்மையான்னு கேட்டு. பன்னெண்டுல பத்துப் பேரு மொழியன் அண்ணனுக்கு வேண்டியவங்க, ஆமாம்னு எழுதிப் போட்டுட்டாங்க. மிச்சம் ரெண்டு பேரு. ஒண்ணு டீக்கடை மாரிக்கண்ணு. இன்னொண்ணு நம்ம மாப்ள நாடிமுத்து.

மாரிக்கண்ணு வெவரம் இல்லாத ஆளு. நேரா ஆபீசுக்குப் போயி, “சார், நான் இருவதாயிரத்த மொத்தமாப் பாத்ததே கெடையாது, எங்க போயிக் குடுக்குறது”ன்னு சொல்லிட்டு வந்துட்டான். மறுநா காலையில எடைமேடை ரூம்புக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. என்னையும் வரச் சொன்னாங்க. எழுதுனவன் நான்ல, நான் சொன்னாக் கேப்பான்னு. “மாரி, மறந்துட்டேன், இப்பதான் நெனப்பு வந்துச்சுன்னு எழுதிக் குடுத்துரு”ன்னேன். “நான் செய்யலியே அண்ணே”ங்கிறான். அதையே சொல்றான். துரைக்கண்ணு அவன் எடது கையப் புடிச்சு இரும்புக் கதவு இடுக்குல வச்சு, கதவச் சாத்துனான். ஒரு தடவ சாத்தித் தொறந்தான். மறுபடி சாத்துனான். சுண்டு வெரலு தோல்ல தொங்குச்சு. மாரிக்கண்ணு கத்தல, மூச்ச இழுத்துக்கிட்டே இருந்தான். வேட்டியெல்லாம் நனஞ்சு போச்சு.

“எழுதுற கையி வலது கைதான? அது நல்லா இருக்கட்டும்”னாரு மொழியன் அண்ணன்.

எனக்கு டீ வாங்கிக் குடுத்திருந்தாங்க. அது ஆறிப்போச்சு. நானே பேப்பர எடுத்து மாரிக்கண்ணுக்கு வாசகம் சொன்னேன், அவன் எழுதுனான். அவனுக்கு நல்லதுதான் சார் செஞ்சேன். நான் இல்லாட்டி வலது கையும் போயிருக்கும்.

இது ஊருக்குள்ள தெரிஞ்சு போச்சு. நாடிமுத்து என் வீட்டுக்கு வந்தான். பயந்து வருவான்னு பாத்தா, சிரிச்சுக்கிட்டு வர்றான். கடுதாசியத் தூக்கிக் காட்டுறான்.

“மச்சான், நான் அஞ்சு லட்சம் மொய் செஞ்சிருக்கேனாம்ல. எனக்கே தெரியாமப் போச்சே.”

“கோவிச்சுக்காத மாப்ள. ஆமாம்னு ஒரு வரி எழுதிப் போட்டுரு. தேங்கா காசுன்னு சொல்லிரு.”

“எழுதிப் போட்டுட்டேன் மச்சான். நேத்தே போட்டுட்டேன். ரெஜிஸ்தர் தபால்ல.”

எனக்கு உசுரு வந்துச்சு. மொழியன் அண்ணன்கிட்ட ஓடிப் போயிச் சொன்னேன். அவரும் சந்தோசப்பட்டாரு. தங்கச்சி வீட்டுக்கு ஒரு பெட்டி மாம்பழம் குடுத்து விட்டாரு. அத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

முடியல. வைகாசி நடுவுல ஒரு ஞாயித்துக்கெழம. மொழியன் அண்ணன் வீட்டு முத்தத்துல கட்சிக்காரங்க, காண்ட்ராக்டருங்கன்னு முப்பது பேரு இருப்பாங்க. நாடிமுத்து வெள்ள வேட்டி கட்டி, தட்டுல வெத்தல பாக்கு பழம் வச்சு, மேல ஒரு பத்திரிகைய வச்சு எடுத்துக்கிட்டு வர்றான். கூட எந்தங்கச்சியும் வர்றா.

“அண்ணே, ஆடி இருவதாந் தேதி நம்ம வீட்டு மொய் விருந்து. புயல்ல எம்பது மரம் போச்சு, பேங்குல நகை கெடக்கு, பொண்ண நர்சிங்கு சேக்கணும். நான் உங்களுக்குச் செஞ்ச அஞ்சு லட்சம் நோட்டுல இருக்கு. கவர்மெண்டுக்கும் எழுதிக் குடுத்துருக்கேன். குடும்பத்தோட வந்து செறப்பிச்சுக் குடுக்கணும்.”

இதான் சார் அவன் செஞ்சது. ஒரு வார்த்த தப்பா இல்ல. அத்தன பேரு முன்னால மொழியன் அண்ணன் என்ன சொல்லுவாரு? நீ எனக்குச் செய்யலன்னா, அப்ப அந்த நாலு கோடி என்னன்னு கேள்வி வரும். ரெண்டு கையாலயும் தட்ட வாங்கிக்கிட்டாரு. “அவசியம் வர்றேன் நாடிமுத்து”ன்னாரு. கழுத்து நரம்பு மட்டும் பொடச்சுக்கிட்டு நின்னுச்சு.

நான் ரோட்டுல மாப்ளயப் புடிச்சுக்கிட்டேன். ஏண்டா இப்படிப் பண்றன்னு கேட்டேன். “மச்சான், எம்பேர நான் விக்கலியே. அவரா எடுத்துக்கிட்டாரு. எடுத்துக்கிட்டவரு வெலையக் குடுக்கட்டும். நோட்டுல ஏறிட்டா ஏறுனதுதான்னு நீதான ஊருக்கெல்லாம் சொல்லுவ”ன்னான். எந்தங்கச்சி அவன் பின்னால நின்னு சிரிச்சா. அவளுக்குப் புருசன்னா அவ்வளவு பெருமை.

அவன் ஒருத்தனோட நின்னிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். விசயம் பரவிப் போச்சு. என் பேரும் நோட்டுல இருக்கா, எவ்வளவு இருக்குன்னு கேட்டு என் வீட்டுக்கே ஆளு வர ஆரம்பிச்சுது. ஆனி பொறக்கறதுக்குள்ள மொழியன் அண்ணன் வீட்டுக்கு நாப்பத்தி மூணு பத்திரிகை வந்துருச்சு. மஞ்சத் தடவுன பத்திரிகை. சொந்தக்காரங்களுக்கு வைக்கிற மாதிரி பழம் வச்சு, பணிவா, சிரிச்ச மொகமா. சுண்டு வெரலு இல்லாத மாரிக்கண்ணுகூடப் பேத்திக்குக் காதுகுத்துன்னு ஒண்ணு கொண்டாந்து வச்சான் சார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. மொழியன் அண்ணன் என்னையப் பாத்தாரு, நான் அடக்கிக்கிட்டேன்.

“ஒருத்தனுக்குக் குடுத்தா ரெண்டாயிரத்து நூறு பேருக்கும் குடுக்கணும் அடைக்கலம்,” அப்படின்னாரு. “மொதல்ல வந்தவன நிறுத்துனா மத்தவன் நிப்பான். நீ அவன மில்லுக்குக் கூட்டிட்டு வா. பேசித் தீத்துக்குவோம்.”

பேசித் தீத்துக்குவோம்னுதான் சார் சொன்னாரு. எங்காதால கேட்டது அதான். ஒரு லட்சம் குடுத்து முடிப்பாருன்னு நெனச்சேன். மாரிக்கண்ணு கதைய நான் பாத்திருக்கேன், இல்லேங்கல. ஆனா மாப்ள என் சொந்தக்காரன். சொந்தக்காரன அப்படிச் செய்வாங்களான்னு ஒரு நெனப்பு.

ஆனி பதினொண்ணு. பகலு பன்னெண்டரை இருக்கும். தங்கச்சி வீட்டுக்குப் போன் போட்டேன். “மாப்ள, மொய்க்காசு ரெடியா இருக்கு. மில்லுக்கு வா. கடுதாசியையும் எடுத்துக்கிட்டு வந்துரு”ன்னேன். சாப்புட ஒக்காந்தவன் எலைய மூடி வச்சுட்டு வந்திருக்கான்.

மில்லுல ஆளுக யாரும் இல்ல, சாப்பாட்டுக்கு அனுப்பிட்டாங்க. களத்துல தேங்கா உரிக்கிற பாரை நட்டிருக்கும் பாத்திருக்கீங்களா? கூர்மையா மேல பாத்து இடுப்பு ஒசரத்துக்கு நிக்கும், அதுல குத்தித்தான் தேங்கா உரிப்பாங்க. அது வரிசையா ஆறு நின்னுச்சு. பக்கத்துல ரெண்டு நாக்காலி. ஒண்ணுல மொழியன் அண்ணன். ஒண்ணு மாப்ளைக்கு. நான் நின்னுக்கிட்டிருந்தேன். துரைக்கண்ணும் லாரிக்காரப் பய ஒருத்தனும் மட்டைக் குமியல் பக்கம் நின்னானுக.

மொழியன் அண்ணன் ஒரு மஞ்சப் பைய நீட்டுனாரு. “இதுல ஒண்ணு இருக்கு. அஞ்சும் வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு, விருந்த நிறுத்திட்டுப் போ. மத்தவனுககிட்டயும் நீயே சொல்லிரு.”

நாடிமுத்து பையத் தொடல. “நோட்டுல அஞ்சு இருக்குண்ணே. கொறச்சு வாங்குனா எனக்குத்தான் அசிங்கம். அஞ்சு இல்லேன்னா ஒண்ணும் வேணாம். நான் செய்யவே இல்லன்னு இன்னொரு கடுதாசி போட்டுட்டுப் போறேன்”னு எந்திரிக்கப் போனான்.

நான் தோள அழுத்தி, “ஒக்காரு மாப்ள, பேசிக்கலாம்”னேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. அந்த நேரத்துல துரைக்கண்ணு பின்னால வர்றான்னு எனக்கு எப்படித் தெரியும்? நெழலு தெரிஞ்சுது. நெழல வச்சு என்ன சொல்ல முடியும்.

அவன் கையில பச்சத் தென்னமட்டை சார், ஓலையோட அடித்தண்டு. ஈரத்தோட கனமா இருக்கும். மொத அடி மொழங்கால்ல. விறகு ஒடச்ச மாதிரி கேட்டுச்சு. நாக்காலியோட சாஞ்சான். அடுத்தது வாயில. பல்லு ரெண்டு என் கால் பக்கம் வந்து விழுந்துச்சு. லாரிக்காரப் பய முடியப் புடிச்சு மொகத்தத் தூக்கி நிறுத்துனான். “இப்பச் சொல்லு, எவ்வளவு?”ன்னு கேட்டாரு மொழியன் அண்ணன். அவன் ரத்தத்தத் துப்பிட்டு, அஞ்சு வெரலையும் விரிச்சுக் காட்டுனான். ஒரு லட்சத்த வாங்கிக்கிட்டுப் போயிருக்கலாம்ல சார்? அந்த வீம்புதான். மறுபடி அடிச்சான், மறுபடி கேட்டாரு, மறுபடி அஞ்சு வெரலு. மூணாவது தடவ கையத் தூக்க முடியல, மடியிலயே விரிச்சான்.

மொழியன் அண்ணன் எந்திரிச்சு வேட்டிய ஒதறிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. ரெண்டு பேரும் மாப்ளயத் தூக்கி பாரை மேல போட்டானுக. வயித்துல ஏறி முதுகுப் பக்கம் சட்டையக் கூடாரம் மாதிரி தூக்கிக்கிட்டு நின்னுச்சு. உடனே உசுரு போகல. காலு ரெண்டும் தரைய வழிச்சுக்கிட்டே இருந்துச்சு, குழி விழுந்துருச்சு. மச்சான்னு ஒரு தடவ கூப்புட்டான். என்னையத்தான் கூப்புட்டான்னு எப்படிச் சொல்றது, அங்க நாலு பேரு இருந்தோம்.

நான் தொடல சார். கடைசி வரைக்கும் நான் தொடல.

போலீசு வந்துச்சு. தேங்கா வெல பேச வந்தவரு, மட்டை வழுக்கிப் பாரை மேல விழுந்துட்டாருன்னு எழுதிக் குடுத்தேன். ரெண்டு பக்கம். பல்லு ஒடஞ்சதுக்கும் காலு ஒடஞ்சதுக்கும் மட்டைக் குமியல்ல மோதுனாருன்னு போட்டேன். அடித்தல் திருத்தல் இல்ல. அதிகாரி வாங்கிப் பாத்துட்டு, “இவ்வளவு அழகா எழுதுறீங்களே”ன்னாரு. வேற எதுவும் கேக்கல. போறப்ப மொழியன் அண்ணன் அந்த மஞ்சப் பைய என் கையில குடுத்து, செலவுக்கு வச்சுக்கன்னாரு. அந்த நேரத்துல வேணாம்னு சொன்னா அவரு என்ன நெனப்பாரு? வாங்கிக்கிட்டேன். ஆனா ஒரு ரூவா தொடல. தங்கச்சி விருந்துக்கு என் பங்கா மொய் செஞ்சுரலாம்னு அப்பவே மனசுல நெனச்சுட்டேன். அவளுக்குத்தான போகணும். அந்த நியாயம் எங்கிட்ட இருக்கு.

எழவு வீட்டுல வளர்மதி அழுவல. பதினாறு நாளும் அழுவல. கருமாதி முடிஞ்சு ஆளுக போனப்புறம் எங்கிட்ட வந்து ஒக்காந்தா. “அண்ணே, அவரு கடைசியா என்ன சொன்னாரு?”ன்னா. தண்ணி கேட்டாருன்னேன். “தேங்கா வெல பேசவா போனாரு?” ஆமான்னேன். “நீ பண்ணுன போன ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தாண்ணே சாப்புட்டுக்கிட்டிருந்தாரு. ரசம் ஊத்திக்கிட்டிருந்தேன்”னா. அவ்வளவுதான் பேசுனா. எந்திரிச்சு உள்ள போயிட்டா.

விருந்த நிறுத்திரலாம்னு பங்காளிக சொன்னாங்க. புருசன் செத்து ரெண்டு மாசம் ஆகல, கெடா வெட்டிச் சோறு போடறதாவதுன்னு. அவ கேக்கல. அவரு பதினஞ்சு வருசமா ஊருக்கெல்லாம் செஞ்ச மொய்யி, வாங்காம விட்டா அந்த மனுசன் ஒழச்சது வீணாப் போகும், தேதி அவரு வச்ச தேதின்னுட்டா. ஆடி இருவது. பந்தலு போட்டு, ஆயிரம் பேருக்குச் சமைச்சு, நான்தான் நோட்டுல ஒக்காந்தேன். யாரு ஒக்காரச் சொன்னாங்கன்னு கேக்காதீங்க. அறுவது ஊருக்கு எழுதுறவன் தங்கச்சி வீட்டுல எழுதாம வேற எவன் எழுதுவான்? அவளும் வேணாம்னு சொல்லல.

பதினோரு மணிக்கு மொழியன் அண்ணன் வந்தாரு. குடும்பத்தோட வந்தாரு. பந்தலே எந்திரிச்சு நின்னுச்சு. மத்த நாப்பத்திரண்டு பேரும் மாப்ள செத்த மறுநாளே பத்திரிகைய வாபஸ் வாங்கிட்டானுக. இனிமே கேக்க ஆளு இல்ல. இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் செஞ்சுட்டா நோட்டும் உண்மையாயிரும், ஊரும் வாழ்த்தும். கணக்குப் போட்டுத்தான் வந்தாரு. ஆறு லட்சத்த என் முன்னால வச்சாரு. “அஞ்சு நாடிமுத்து செஞ்சது. ஒண்ணு நான் மேல வைக்கிறது”ன்னாரு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. அந்த ஒரு லட்சத்த வாங்கிட்டா நாளைக்கு அவரு வீட்டு விருந்துக்கு இவ போயித் திருப்பிச் செய்யணும். அவரு வாசப்படி ஏறணும். பேச்சு வார்த்தையில இருக்கணும். அதான் மொறை.

வளர்மதி உள்ளேருந்து வந்தா. கட்டுகள எடுத்து, அஞ்ச என் பக்கம் தள்ளுனா. ஒரு கட்ட எடுத்து அவரு பொண்டாட்டி மடியில வச்சா.

“அஞ்சு போதும். எம்புருசன் கேட்டது அஞ்சுதான்,”னா. “மேல ஒரு ரூவா எங்களுக்கு வேணாம். இதோட உங்களுக்கும் எங்களுக்கும் தீந்துச்சு. சாப்புட்டுப் போங்க.”

மொழியன் அண்ணன் சாப்புடாமப் போனாரு. இவ்வளவு தைரியமான்னு எனக்கே ஆச்சரியமாப் போச்சு. ஆனா பாருங்க, கொன்ன கையிலேருந்து வாங்கிக்கிட்டா சார் அவ. அஞ்சு லட்சமும் வாங்கி எண்ணி முடிஞ்சுக்கிட்டா. நீங்க அத ஞாபகம் வச்சுக்குங்க.

அப்புறம் நான் அந்த மஞ்சப் பைய எடுத்து மேசையில வச்சேன். நோட்டுல என் பேர எழுத ஆரம்பிச்சேன். அடைக்கலம், தகப்பனாரு பேரு வைரப்பன்னு அவ்வளவு தூரம் எழுதிட்டேன். வளர்மதி வந்து என் கையிலேருந்து பேனாவப் புடுங்குனா. ஆயிரம் பேரு பாக்குறாங்க. எம்பேரு மேல ஒரு கோடு போட்டா சார். இருவத்திரண்டு வருசத்துல என் நோட்டுல விழுந்த மொத கோடு.

“அவருகிட்ட நான் வாங்குனது எனக்கு வர வேண்டியது. தீந்துச்சு. உன்கிட்ட வாங்குனா நான் உனக்குத் திருப்பிச் செய்யணும்ணே. வாங்குனதுக்கு மேல வச்சுச் செய்யணும். நீ எனக்கு என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியும். அதுக்கு மேல வச்சு நான் உனக்குச் செய்யணுமா? உன் வீட்டுல ஒரு பொம்பள இருக்கா, ரெண்டு புள்ளைக இருக்கு. எடுத்துக்கிட்டுப் போயிரு,”ன்னா.

சத்தம் போட்டுச் சொல்லல. சமையலுக்கு உப்பு பத்தலன்னு சொல்ற மாதிரி சொன்னா. கூடப் பொறந்தவன்கிட்ட சொல்ற வார்த்தையா சார் இது? நான் எழுதுனேன். ஒரு போன் பண்ணுனேன். தோள்ல கைய வச்சேன். இதுல எத அவ மேல வச்சுத் திருப்பிச் செய்வாளாம்? கொன்னவன் காசு இனிக்குது, அண்ணன் காசு கசக்குது. சொல்லுங்க, நியாயமா இது?

சரி விடுங்க. புதுக்கோட்டைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு. இன்னிக்கி அந்த ஆடிட்டரு ஆபீசுக்குத்தான் போறேன். மொழியன் அண்ணனோட ரெண்டாவது பொண்ணுக்குத் தையில கல்யாணம். இந்தத் தடவ பெரிய தொகை. எங்க பக்கத்துப் பேருக இனிமே ஆவாது, எல்லாரும் உஷாரா இருக்கானுக. வெளியூருன்னா நல்லதுன்னாரு ஆடிட்டரு. சேலம், தருமபுரின்னு தள்ளி இருந்தா தேவலைன்னாரு.

பேசிக்கிட்டே வந்ததுல உங்க பேரக் கேக்கவே இல்ல பாருங்க. தகப்பனாரு பேரு என்ன? தோப்பு தொரவு ஏதும் இருக்குங்களா? சும்மாதான் கேக்குறேன். ஏன் சார் எந்திரிச்சுட்டீங்க, புதுக்கோட்டை இன்னும் வரலியே.